மைனஸ் 196 டிகிரியில் ஒரு முதுகலை ஆய்வு: சேரலாமா?

"நெய்த சாண்ட்விச் காம்போசிட்டின் தாழ்வெப்பநிலை மோதல் வலிமை". மகளுக்குக் கிடைத்திருக்கும் இந்தத் தலைப்பைப் பார்த்து, இதை வைத்துக்கொண்டு யார் வேலை தருவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தலைப்பு குறுகலாகத்தான் தெரிகிறது. ஆனால் நேர்காணலில் கேட்கப்போவது வேறு: பேனலைத் தானே செய்தாளா, தானே உடைத்தாளா, உடைந்ததை அறுத்துப் பார்த்தாளா?

காம்போசிட் என்பது பல பொருள்கள் சேர்ந்த கூட்டுப்பொருள். இந்தச் சாண்ட்விச் பேனலின் அமைப்பு எளிமையானது. மேலும் கீழும் எபாக்ஸிப் பிசினில் ஊறி இறுகிய கார்பன் அல்லது கண்ணாடி இழைத் துணித் தகடு, நடுவே ஃபோம் அல்லது தேனடைக் கோர் (நடுப்பகுதி). எடை குறைவு, விறைப்பு அதிகம். உயரத்தில் பறக்கும் விமானத்துக்கு வெளியே மைனஸ் 55 டிகிரி. திரவ ஹைட்ரஜன் தொட்டியில் மைனஸ் 253. அந்தக் குளிரில் ஒரு கருவி கைதவறி விழுந்தால் பேனல் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

அடி விழும் முன்பே சிக்கல் தொடங்கிவிடுகிறது. 120 டிகிரியில் இறுகிய எபாக்ஸி, திரவ நைட்ரஜனின் மைனஸ் 196-க்குப் போகும்போது 316 டிகிரி இறங்குகிறது. கார்பன் இழை நீளவாக்கில் சுருங்குவதே இல்லை எனலாம். எபாக்ஸி சுருங்கப் பார்க்கிறது, இழை விடுவதில்லை. இந்த இழுபறியில், பாவும் ஊடையும் குறுக்கிடும் இடத்தில் பிசின் தேங்கிய குழிகளில் நுண்விரிசல் பிறக்கும். மீண்டும் பயன்படுத்தக்கூடிய விண்கலத்துக்கு முன்னோட்டமான நாசாவின் எக்ஸ்-33 திட்டத்துக்கான ஹைட்ரஜன் தொட்டி 1999 நவம்பரில் சோதனையில் தோற்றதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. உள்தகட்டு விரிசல் வழியே ஹைட்ரஜன் தேனடைக்குள் புகுந்தது. தொட்டியைக் காலிசெய்து அது சூடேறியபோது உள்ளே அழுத்தம் கூடி வெளித்தகடு பெயர்ந்தது. 2001-இல் திட்டமே கைவிடப்பட்டது.

இனி அவள் செய்ய வேண்டியது. ஏஎஸ்டிஎம் டி7136 என்ற தரப்படுத்திய மோதல் சோதனை முறையில் துண்டின் அளவு 100 × 150 மில்லிமீட்டர், மோதும் முனை 16 மில்லிமீட்டர் அரைக்கோளம், விழும் எடை 5.5 கிலோ. 20 ஜூல் மோதல் ஆற்றலுக்கு 37 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டால் போதும். அந்த முறை கோர் இல்லாத தனித்தகட்டுக்கு எழுதப்பட்டது. சாண்ட்விச்சுக்கு எப்படி மாற்றிக்கொள்வது என்பதற்கு டி7766 இருக்கிறது. இதை வாசிக்காமலே சோதனைக்குப் போகிறவர்கள் ஏராளம்.

மூன்று வெப்பநிலை, மூன்று ஆற்றல் என்றால் ஒன்பது நிலைகள். நிலைக்கு ஐந்து துண்டுகள் வைத்தால் 45. ஒரு பெரிய பேனலில் ஒன்பது துண்டுகள் அறுத்து, நிலைக்கு ஒன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள். இப்படி ஐந்து பேனல், கூடுதலாக ஒன்று. குளிர்த் துண்டுகள் எல்லாம் ஒரே பேனலிலிருந்து வந்தால், அந்தப் பேனலில் இறுகும்போது காற்றை உறிஞ்சும் வேக்குவம் பை கசிந்து காற்றுக்குமிழி நின்றதைக் கூடக் குளிரின் விளைவு என்று எழுதிவிடுவாள்.

அதிகம் கெடுவது, துண்டைக் குளிர்பெட்டியிலிருந்து இயந்திரத்துக்கு மாற்றும் நேரத்தில்தான். ஒரு மில்லிமீட்டர் தகடு சில நொடிகளிலேயே சூடேறத் தொடங்கும். கோர் உள்ளே குளிர்ந்தே கிடக்கும். அதனால் ஒரு போலித் துண்டில் மேல்தகடு, கோர், கீழ்த்தகடு மூன்றிலும் தெர்மோகப்பிள் (வெப்பநிலை உணரி) பதித்து, கடிகாரத்தோடு ஒத்திகை பார்த்து, மோதும் கணத்து வெப்பநிலையைப் பதிவு செய்ய வேண்டும். தேனடைத் துண்டை நேரே திரவ நைட்ரஜனில் முக்கினால் அறுத்த ஓரங்கள் வழியே திரவம் உள்ளே போகும். எக்ஸ்-33 கதையின் சிறுபதிப்பு. ஓரங்களை முன்பே அடைத்துவிட வேண்டும்.

முடிவைப் படிப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. குளிரில் உச்ச விசை பெரும்பாலும் கூடும், மேலே தெரியும் பள்ளம் சிறுக்கும். பலம் கூடிவிட்டது என்று தோன்றும். நடுவே அறுத்துப் பார்த்தால் ஃபோம் நொறுங்கி, தகட்டிலிருந்து பிரிந்திருக்கலாம். விசை-நேர வரைபடம், அறுத்த முகத்தின் படம், டி7137-ஐ ஒட்டி மோதலுக்குப் பிந்தைய அமுக்கச் சோதனை: மூன்றையும் சேர்த்துக் காட்டுகிறவளை எந்தச் சோதனைக்கூடமும் கவனிக்கும்.

வேலை எங்கே? விமான உதிரிபாகம், காற்றாலை இறகு, படகு, குளிர்சாதன வாகனம் ஆகிய துறைகளில் சோதனை, தயாரிப்புமுறை, தரச் சோதனைப் பணிகள். ராக்கெட் நிறுவனங்கள் பலவற்றில் குடியுரிமைக் கட்டுப்பாடு உண்டு, அவற்றை மட்டும் நம்பித் திட்டம் போட வேண்டாம். கணினி மாதிரியாக்கமும் கற்கட்டும். ஆனால் ஒருதிசை இழை எப்போது உடையும் என்று கணிக்கும் ஹாஷின் விதியை நெய்த துணிக்கு அப்படியே போடுவதும், அறை வெப்பநிலைத் தரவைக் குளிருக்குப் பயன்படுத்துவதும் நேர்காணலில் உடனே பிடிபடும்.

சேர்வதற்கு முன் வழிகாட்டியிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: மோதல் இயந்திரத்தோடு குளிர்பெட்டி இணைந்திருக்கிறதா? இனிமேல்தான் வாங்கப்போகிறோம் என்றால் ஓராண்டு காத்திருப்பிலேயே போய்விடும். உலர் பனிக்கட்டியின் மைனஸ் 78 டிகிரியோடு திட்டத்தைச் சுருக்கிக்கொள்வது மேல்.

ஆபத்தா என்றும் கேட்டீர்கள். திரவ நைட்ரஜன் ஆவியானால் கிட்டத்தட்ட 700 மடங்கு விரிந்து, மூடிய அறையில் ஆக்சிஜனை விலக்கிவிடும். மயக்கம் வரும்வரை ஒன்றும் தெரியாது. 19.5 சதவீதத்தில் ஒலிக்கும் ஆக்சிஜன் அலாரம் அந்த அறையில் இருக்கிறதா என்று மகளை நேரில் போய்ப் பார்த்துவரச் சொல்லுங்கள்.