வீடு வீடாகப் போன நேரத்துக்குச் சம்பளம் இல்லையா?

கேள்வி: பிரிட்டனில் லெஸ்டர் நகரில் ஒரு கேர் நிறுவனத்தில் முதியவர்களை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஒவ்வொரு வீட்டிலும் இருந்த நேரத்துக்கு மட்டுமே சம்பளம் தந்தார்கள். வேலையை விட்டு ஏழு வாரம் ஆகிறது, எடுக்காத லீவுக்கும் பணம் வரவில்லை. இப்போது வேறு ஸ்பான்சரிடம், அதாவது என் விசாவுக்குப் பொறுப்பேற்ற வேறு முதலாளியிடம் இருக்கிறேன். பணம் கேட்டால், விசாவைக் கவனிக்கும் ஹோம் ஆபீஸில் சொல்வேன் என்கிறார் பழைய முதலாளி. புதிதாக அரசு அமைப்பு ஒன்று வந்திருக்கிறதாமே, அவர்கள் பணத்தை வாங்கித் தருவார்களா?

பதில்: சகோதரி, உங்களுக்குச் சேர வேண்டிய பணம் நிச்சயம் இருக்கிறது. ஆனால் அந்த அமைப்பை மட்டும் நம்பிக் காத்திருக்காதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. ஒரு நாளில் ஆறு மணி நேரத்துக்கு, மணிக்கு 13 பவுண்டு வீதம் 78 பவுண்டு தந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு வீடு கார் ஓட்டியது ஒன்றரை மணி நேரம். குறைந்தபட்சக் கூலிச் சட்டப்படி அதுவும் வேலை நேரம்தான். ஏழரை மணி நேரத்துக்கு 78 பவுண்டு என்றால் மணிக்கு 10.40. சட்டம் சொல்வதோ, 21 வயது ஆனவர்களுக்கு 2026 ஏப்ரல் முதல் 12.71, அதற்கு முந்தைய ஓராண்டு 12.21. வேலைக்காக நீங்கள் போட்ட பெட்ரோலுக்குக் காசு திருப்பித் தரவில்லை என்றால், அதையும் சம்பளத்தில் கழித்துத்தான் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டிலிருந்து முதல் வீட்டுக்குப் போகும் நேரம் மட்டும் சேராது. ஒரு நாளை வைத்து முடிவு செய்யாமல் சம்பள மாதம் முழுவதையும் கூட்டிப் பாருங்கள்.

நீங்கள் கேட்ட அமைப்பின் பெயர் ஃபேர் வொர்க் ஏஜென்சி. 2025ஆம் ஆண்டின் வேலை உரிமைச் சட்டத்தின் கீழ், 2026 ஏப்ரலில் தொடங்கியது. குறைந்தபட்சக் கூலியை வரித்துறையும், வேலைக்கு ஆள் சேர்த்துவிடும் ஏஜென்சிகளை வேறொரு பிரிவும், தொழிலாளர் சுரண்டலை இன்னொரு ஆணையமும் கவனித்து வந்தன. அந்தக் கடைசி ஆணையமே 2004இல் மோர்கம் விரிகுடாவில் சிப்பி பொறுக்கப் போன சீனத் தொழிலாளர்கள் அலையில் மாண்ட பிறகு வந்த சட்டத்தால் பிறந்தது. எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமலே எத்தனையோ பேர் விட்டுவிட்டார்கள். மூன்றும் ஒரே கூரையின் கீழ் வந்தது நம் மக்களுக்கு நல்லதுதான். குறைந்த கூலியை ஆறு ஆண்டு வரை பின்னோக்கி வசூலிக்கலாம், முதலாளிக்குப் பாக்கியைப் போல இரு மடங்கு அபராதமும் உண்டு. உங்கள் பெயரை முதலாளியிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டே புகார் கொடுக்கலாம். அங்கே இன்னும் வேலை செய்யும் தோழிகளுக்கும் இதைச் சொல்லுங்கள்.

சிக்கல் இங்கேதான். அங்கே புகார் கொடுத்தால், வேலைத் தீர்ப்பாயத்தில் நீங்களே வழக்குப் போடுவதற்கான கெடு நின்றுவிடாது. கடைசியாகப் பணம் குறைத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவாக, அதற்குள், வழக்குக்கு முன் முதலாளியோடு சமரசம் பேசும் ஏகாஸ் (Acas) அமைப்பிடம் சமரச விண்ணப்பம் போட்டாக வேண்டும். கெடுவை ஆறு மாதமாக்கப் புதிய சட்டம் வழி செய்திருக்கிறது; இருந்தாலும் பழைய கணக்கிலேயே நகருங்கள். லீவுச் சம்பளத்தை வசூலிக்கும் பொறுப்பையும் சட்டம் புதிய அமைப்புக்குத் தந்திருக்கிறது, ஆனால் உங்கள் லீவுப் பணத்துக்கு ஏகாஸ்தான் விரைவான வழி. விண்ணப்பத்துக்கும் வழக்குக்கும் கட்டணம் கிடையாது. ஏழு வாரம் போய்விட்டதால் இந்த வாரமே போடுங்கள்.

அப்புறம், பழைய நிறுவனத்துக்கு ஒரு கடிதம்: என் வேலை நேரப் பதிவுகளையும் சம்பளப் பதிவுகளையும் பார்க்க வேண்டும் என்று. 14 நாளில் காட்டியாக வேண்டும். மறுத்தால் தீர்ப்பாயம் ஒரு மணி நேரக் குறைந்தபட்சக் கூலியைப் போல 80 மடங்கு தொகையை உங்களுக்குத் தரச் சொல்லும். குறைந்தபட்சக் கூலி வழக்கில் சரியாகச் சம்பளம் தந்தேன் என்று நிரூபிப்பதும் முதலாளியின் பொறுப்பு. ஆனாலும் ரோட்டா (வேலை நேர அட்டவணை), போனில் உள்ள மேப் பதிவு, வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அழித்துவிடாதீர்கள்.

மிரட்டலைப் பற்றி: இப்போது உங்களுக்கு ஸ்பான்சர் வேறு, பழையவர் கையில் உங்கள் விசா இல்லை. சம்பளம் கேட்பது விசா விதிமீறலும் அல்ல. அங்கே இருந்தபோது அனுமதித்த வேலைக்கு மேல் ஏதாவது செய்திருந்தால் மட்டும், புகார் கொடுக்கும் முன் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள். அந்த மிரட்டல் எழுத்தில் வந்திருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்து, ஏஜென்சிக்குப் போகும் புகாரோடு சேர்த்து அனுப்புங்கள்.