ஸ்பானிஷ் நிகழ்கால வினை: எழுவாய் விகுதியிலேயே இருக்கிறது

கேள்வி: ஸ்பானிஷ் கற்கத் தொடங்கி இரண்டு மாதங்கள் ஆகின்றன. நிகழ்கால வினை வடிவங்களை மனப்பாடம் செய்தும் பேசும்போது தடுமாறுகிறேன். ‘நான்’, ‘நீ’ என்பவற்றை ஒவ்வொரு வாக்கியத்திலும் சேர்க்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. ‘பேசுகிறேன்’ என்றாலே பேசுபவர் நான் என்பது ‘ஏன்’ விகுதியால் விளங்கிவிடுவதைப் போல, ஸ்பானிஷிலும் விகுதியே எழுவாயைக் காட்டிவிடும். ஆகவே ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றிப் போகாமல், பள்ளியில் படித்த பகுபத இலக்கணத்தையே துணைக்கொள்ளுங்கள்.

பேசுவதைக் குறிக்கும் ‘அப்லார்’ என்ற வினையில் இறுதியிலுள்ள ‘ஆர்’ நீங்கினால் பகுதி கிடைக்கும். அதனுடன் விகுதி சேரும்போது நான் ஆப்லொ, நீ ஆப்லஸ், அவர் ஆப்ல, நாம் அப்லாமொஸ், நீங்கள் அப்லாய்ஸ், அவர்கள் ஆப்லன் என்று வரும். அழுத்தம் விழும் அசையை இங்கே நெடிலாக எழுதியிருக்கிறேன். உண்பதைக் குறிக்கும் ‘கொமேர்’ கோமொ, கோமெஸ், கோமெ, கொமேமொஸ், கொமேய்ஸ், கோமென் என்றாகும். வாழ்வதைக் குறிக்கும் ‘விவீர்’ வினையும் அதே விகுதிகளைத்தான் ஏற்கிறது; ‘விவீமொஸ்’, ‘விவீஸ்’ ஆகிய இரண்டில் மட்டுமே வேறுபடும்.

தமிழர் வழுக்கும் இடம் மரியாதைப் பன்மை. ஒருவரை ‘நீங்கள்’ என்று மதித்துப் பேசும் பழக்கத்தில், ‘உஸ்தேத்’ என்ற மரியாதைச் சொல்லோடு ‘ஆப்லன்’ என்று பன்மையைச் சேர்த்துவிடுகிறோம். அது பிழை, படர்க்கை ஒருமையான ‘ஆப்ல’ என்பதே சரி. பலரை விளிக்கும்போது ‘உஸ்தேதெஸ் ஆப்லன்’ என்க. லத்தீன் அமெரிக்காவில் முன்னிலைப் பன்மைக்கு இதுவே வழக்கு. ‘அப்லாய்ஸ்’ ஸ்பெயினுக்கு உரியது. மேலும், ‘ஆப்ல’ என்பது பேசுகிறானா, பேசுகிறாளா என்று பால் காட்டாது என்பதால், ஐயம் எழும் இடத்தில் மட்டும் அவன், அவள் என்பதற்கான ‘எல்’, ‘எய்யா’ ஆகியவற்றைச் சேருங்கள்.

அழுத்தத்தில் மிகுந்த கவனம் வேண்டும். தமிழில் காலத்தைக் காட்டத் தனியே ‘கிறு’ இடைநிலை உண்டு. ஸ்பானிஷில் அந்த வேலையும் விகுதியின் தலையில்தான் விழுகிறது. எனவே ‘ஆப்லொ’ என்றால் ‘பேசுகிறேன்’. அழுத்தத்தைக் கடைசி அசைக்கு நகர்த்தி ‘அப்லோ’ என்றால் ‘பேசினார்’. ஆகவே அட்டவணையைக் கண்ணால் மட்டும் படிக்காமல், அழுத்தத்தோடு வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.