தமிழறிஞரும் கத்தோலிக்கக் குருவுமான தனிநாயகம் அடிகளாருக்குத் தமிழ் கற்பித்தவர் யார்?

அடிகளார் 1913இல் இலங்கையின் ஊர்காவற்றுறைக் கரம்பொன்னில் பிறந்தார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் படித்தார். ஆனால் தமிழை ஆழ்ந்து கற்றது, உரோமில் குருப்பட்டம் பெற்ற பிறகுதான். தமிழ்நாட்டின் வடக்கன்குளத்துப் பள்ளியில் ஆசிரியராக இருந்தபோது, பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் மாணவராக அமர்ந்தார். கத்தோலிக்கக் குருவுக்கு ஐயர் ஆசான்! நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு நெகிழ்கிறது. 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்றார். பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளரானார். பண்டைத் தமிழரின் கல்விச் சிந்தனையை ஆராய்ந்து இலண்டனில் முனைவர் பட்டமும் பெற்றார்.

என் மாலை வகுப்பில் ஓர் அம்மா, பென்சில் முனை முறியுமளவு அழுத்தி 'ழ' எழுதுகிறார். வயதாகிவிட்டதே என்று அவர் தயங்கியபோது, நான் சொன்னது வடக்கன்குளத்துக் கதையைத்தான்.