மூன்று பேரைச் சேர்த்தால் போனஸா?

கேள்வி: 4,999 ரூபாய் கட்டினால் அஃபிலியேட் வெப்சைட் தருவார்களாம். லிங்க்கை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் வைரலாகி மாதம் 50,000 வருமாம், மூன்று பேரைச் சேர்த்தால் தனி போனஸாம். சேரலாமா?
- ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: 'மூன்று பேர்' என்றதுமே போனை வைத்திருக்கலாம், சகோதரி. ஆள் சேர்த்ததற்குக் காசு என்றால் அது சங்கிலித் திட்டம், 1978-லேயே சட்டம் போட்டுத் தடுத்தது. அஃபிலியேட் என்பது வெறும் தரகு: நீங்கள் அனுப்பிய ஆள் பொருள் வாங்கினால் கமிஷன். அமேசானில் 1996 முதல் இது இருக்கிறது, சேரக் கட்டணம் இல்லை. ஆனால் லிங்க்கைத் தொட்டவர் 24 மணி நேரத்துக்குள் கூடையில் போட்டால்தான் கணக்கு, நீங்களே வாங்கிக்கொண்டால் கிடையாது.

சரி, வைரல்? அதே 1996-ல் வந்த ஹாட்மெயில், போகிற ஒவ்வொரு மெயிலின் அடியிலும் 'இலவச மெயில் வேண்டுமா' என்று ஒரு வரி ஒட்டியது, ஒன்றரை வருடத்தில் 1.2 கோடிப் பேர். பொருள் பயன்பட்டது, அதனால் பரவியது. குரூப்பில் தினமும் லிங்க் கொட்டினால் அத்தை மகளே மியூட் செய்துவிடுவாள்.

உங்களுக்குப் பணியாரம் சுடத் தெரியும்தானே? புது இரும்புப் பணியாரக்கல்லை வடித்த கஞ்சியில் ஊறவைத்து, நல்லெண்ணெய் தடவி எப்படிப் பழக்குவது, முதல் ஈடு ஏன் ஒட்டிக்கொள்கிறது என்று படத்தோடு எழுதுங்கள். அதைத் தேடி வருகிறவர் கல் வாங்கும் யோசனையில் இருப்பவர். கீழே லிங்க், பக்கத்திலேயே 'இதில் எனக்குக் கமிஷன் உண்டு' என்று ஒரு வரி. முதல் சில மாதம் டீச்செலவுக்குத் தேறினாலே அதிகம்.