கன்றை அடித்த சிறுத்தையை என்ன செய்வது?

கேள்வி: பன்குளத்துக்கு அப்பால் காட்டோரத்தில் எங்கள் மாட்டுப்பட்டி உள்ளது. அண்மையில் கன்றொன்றைச் சிறுத்தை அடித்துவிட்டது. மிச்ச இறைச்சியில் நஞ்சு வைக்கலாம் என்கின்றனர் சிலர். கூடு வைத்துப் பிடித்து வேறு காட்டில் விடச் சொல்லலாம் என்கின்றனர் வேறு சிலர். எது சரி?
– வாசகர் ஒருவர், திருகோணமலை மாவட்டம்

பதில்: இரண்டுமே சரியல்ல. பட்டியை நம்பி வாழும் குடும்பத்துக்கு ஒரு கன்றின் இழப்பு எவ்வளவு பெரியது என்பதை உணர்ந்தே இதைச் சொல்கிறேன்.

அடித்தது சிறுத்தைதானா என்பதை முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். சிறுத்தை நடக்கும்போது நகங்களை உள்ளிழுத்துக்கொள்வதால், ஈரமண்ணில் நான்கு விரல்களும் உள்ளங்காலும் மட்டுமே பதியும். நகக்குறியும் சேர்ந்து பதிந்திருந்தால் அது பெரும்பாலும் நாயின் சுவடு. சிறுத்தை தொண்டையைக் கவ்விக் கொல்லும். நாய்க்கூட்டமோ பின்தொடையையும் வயிற்றையும் கண்டபடி குதறியிருக்கும். கட்டாக்காலி நாய்கள் செய்ததற்குச் சிறுத்தையின் மீது பழி விழுவது புதிதன்று.

நஞ்சு வைப்பது குற்றம். 1937ஆம் ஆண்டின் விலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ச் சிறுத்தை பாதுகாக்கப்பட்ட விலங்கு. அந்த இறைச்சியைத் தின்னும் நரியும், பருந்தும், உங்கள் வீட்டு நாயுங்கூடச் சாகும்.

பிடித்து வேறிடத்தில் விடுவது கருணையான வழியாகத் தோன்றலாம். ஆனால் மகாராஷ்டிராவின் ஜுன்னர் பகுதியில் 2001இல் அவ்வாறு பெருமளவில் விடத் தொடங்கிய பின்னர், ஆண்டுக்குச் சராசரியாக 4 ஆக இருந்த மனிதர் மீதான தாக்குதல்கள் 17 ஆக உயர்ந்தன. பழகிய எல்லையை இழந்த சிறுத்தை அறியாத ஊர்களின் ஓரத்தில் அலைகிறது. அது விட்டுச்சென்ற எல்லைக்கோ இன்னொரு சிறுத்தை வந்துவிடுகிறது.

உங்கள் பட்டிக்கு உதவக்கூடியது உறுதியான இரவுக்கூடுதான். யால வனத்தையொட்டிய பட்டிக்காரர்கள் கன்றுகளை இரும்புக் கூடுகளில் அடைத்துக் காத்துவருகின்றனர். சிறுத்தை நன்றாக ஏறும் என்பதால் வேலி எவ்வளவு உயரமாக இருந்தாலும் மேலே மூடியிருக்க வேண்டும். முட்கம்பி மட்டும் போதாது. இரும்புக்கு வசதியில்லையென்றால், தடித்த மரக்கம்பங்களை நெருக்கமாக நட்டு, கன்றுகளை மட்டுமாவது மாலையிலேயே உள்ளே அடைத்துவிடுங்கள். இறந்த மாடுகளைப் பட்டியருகில் போட்டுவைக்காதீர்கள்.

பன்றிக்கென வேலியோரம் கட்டும் சுருக்குக்கம்பிகளையும் அகற்றிவிடுங்கள். 2020 மே மாதத்தில் நல்லதண்ணியில் அரிய கருஞ்சிறுத்தையொன்று அத்தகைய கம்பியில் சிக்கியே இறந்தது. புலியோ சிங்கமோ இல்லாத நம் தீவில், பயிரை அழிக்கும் பன்றியையும் வேட்டையாடும் பெரிய விலங்கு சிறுத்தை ஒன்றுதான்.

பகலில் ஊருக்குள் சிறுத்தையைக் கண்டால் கூட்டம் சேர விடாதீர்கள். 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் பலர் காயமடைந்ததோடு சிறுத்தையும் அடித்துக் கொல்லப்பட்டது. ஊருக்குள் வந்த சிறுத்தை தப்பிச்செல்ல வழிவிட்டு, பிள்ளைகளை வீட்டுக்குள் அழைத்துக்கொண்டு, வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு உடனே அறிவியுங்கள்.