அதே வழியில் இன்னொரு முறை

நடை, இயற்கை, மனப்பக்குவம் பற்றி இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பழைய வட ஆற்காடு மாவட்டத்து ஊர்களிலிருந்தே வந்திருக்கின்றன. அந்த மாவட்டம் 1989-இல் பிரிந்து, எஞ்சிய வேலூர் மாவட்டமும் 2019-இல் மூன்றாகப் பிரிந்த பிறகும், கடிதத்தில் தம்மை வட ஆற்காட்டுக்காரர் என்றே எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன் என்பதால், பதில்களில் ஊர்ப்பேச்சு சற்றுக் கூடுதலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தோல் பதனிடும் தொழிற்சாலையில் 24 ஆண்டுகளாக மேற்பார்வையாளராக இருக்கிறேன். இத்தனை அனுபவத்துக்குப் பிறகும், யாராவது எதிர்த்துப் பேசினால் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வந்த அதே கோபம்தான் வருகிறது. இயற்கையான இடத்தில் நடந்தால் மனம் பக்குவப்படும் என்றார்கள். ஆறு மாதமாகத் தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறேன். எடை குறைந்தது, கோபம் குறையவில்லை. ஏன்? (வாசகர், ராணிப்பேட்டை)

பதில்: ஐயா, இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், அந்த ஐந்து கிலோமீட்டரில் என்ன பார்த்தீர்கள் என்று மட்டும் ஒரு வரிகூட எழுதவில்லை. குற்றமாகச் சொல்லவில்லை, நானும் அப்படி நடந்தவன்தான். ஐம்பது வயதை நெருங்கிய நேரத்தில், நான் வேலை பார்த்த அலுவலகத்தில் எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு என்னைவிட இளையவர் ஒருவருக்குப் போனது. அந்த ஆண்டு முழுவதும் காட்பாடிப் பக்கத்துக் கரையிலிருந்து பாலாற்று மணலில் இறங்கி விடியற்காலையில் நடந்தேன். நடந்தவை கால்கள் மட்டுமே; தலை முழு நேரமும் மேலதிகாரியிடம் வழக்காடிக்கொண்டிருந்தது. அந்த வழக்கில் நாள்தோறும் நான்தான் வென்றேன்; ஆனாலும் நாள்தோறும் தோற்றவனைப் போலவே வீடு திரும்பினேன்.

பங்குனி மாதத்தில், மணலில் ஓர் இடத்தை நான் நெருங்கும்போதெல்லாம் ஓர் ஆட்காட்டிக் குருவி கத்தத் தொடங்கும். தலைக்கு மேலே வட்டமிட்டு, தாழப் பறந்து வந்து, அந்த இடத்தைக் கடக்கும்வரை விரட்டும். அலுவலகத்தில் பட்டது போதாதென்று இதுவுமா என்று எரிச்சலாக இருக்கும். இரண்டு வாரம் இப்படிப் போன பிறகு, ஒரு நாள் செருப்பு வார் அறுந்து, அதைச் சரிசெய்ய அங்கேயே குந்தி உட்கார்ந்தேன். கைக்கெட்டும் தூரத்தில், கிள்ளி எடுத்தாற்போல ஒரு சிறு பள்ளமும், சுற்றிலும் கூழாங்கற்களும், நடுவில் கூர்முனைகள் உள்நோக்கியபடி நான்கு முட்டைகளும் இருந்தன. மண்ணின் நிறத்தில் கரும்புள்ளிகள். கல் எது, முட்டை எது என்று பிரித்தறிவதற்கே சற்று நேரம் பிடித்தது. அத்தனை நாளும் அவற்றை மிதிக்காமல் நான் கடந்துபோனதற்குக் காரணம் என் கவனம் அல்ல, அந்தக் குருவியின் கூச்சல்.

கத்துகிறவர்கள் எல்லாரும் பயத்தினால்தான் கத்துகிறார்கள் என்றொரு தத்துவத்தை நான் அங்கிருந்து எடுத்துவரவில்லை. எனக்குப் பாடம் நடத்துவதற்காக அது முட்டையிடவில்லை. எனக்கு உறைத்தது வேறொன்று: இரண்டு வாரம் ஒரே இடத்தைக் கடந்தும் காலடியில் இருந்ததைக் காணாத நான், 26 ஆண்டு ஒரே அலுவலகத்தில் இருந்தும் எதையெல்லாம் காணாமல் விட்டிருப்பேன்? அந்த இளையவர் எப்படி வேலை செய்கிறார் என்பதை நான் ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை என்பது அன்று மாலைதான் நினைவுக்கு வந்தது. பதவி உயர்வில் நடந்தது நியாயம் என்று இப்போதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் மறுநாள் நடையில் வழக்கு சற்றுச் சுருங்கியிருந்தது.

வேலூருக்கும் ஆரணிக்கும் முப்பது ஆண்டுகள் பேருந்தில் போய்வந்த ஒருவரிடம், கணியம்பாடி தாண்டியதும் மலை எந்தப் பக்கம் வரும் என்று கேட்டுப் பாருங்கள், பலர் யோசிப்பார்கள். பட்டதெல்லாம் அனுபவமாகிவிடுவதில்லை, பட்டதைத் திரும்பிப் பார்த்தால்தான் அது அனுபவமாகிறது. உங்கள் தொழிலில் இதை நீங்கள் எப்போதோ கற்றுவிட்டீர்கள். தோலை விரலால் அழுத்திப் பார்த்தே பதம் வந்துவிட்டதா இல்லையா என்று சொல்லும் கை உங்களுடையது. அந்தக் கைக்கு இருக்கும் கவனத்தைக் காலுக்கும் கொடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். காதில் மாட்டும் கருவியை வீட்டில் வைத்துவிட்டு, ஒரே வழியைத் தேர்ந்தெடுத்து, முதல் பத்து நிமிடம் வழக்கமான வேகத்தில் நடந்துவிட்டு, பிறகு குதிகாலும் முன்பாதமும் தரையில் படுவது தெரியும் அளவுக்கு வேகத்தைக் குறையுங்கள். கோபம் வந்தால் அடக்க வேண்டாம். ‘இதோ, வழக்கு தொடங்கிவிட்டது’ என்று மனதுக்குள் சொல்லிவிட்டு, எதிரே இருக்கும் மரத்தையோ புதரையோ பாருங்கள். வீட்டுக்கு வந்ததும், நேற்று இல்லாதது எது இன்று கண்ணில் பட்டது என்பதையும், வழியில் எந்த இடத்தில் கோபம் தொடங்கியது என்பதையும் எழுதி வையுங்கள். இரண்டாவதுதான் முக்கியம். ஒரு மாதக் குறிப்பைப் படித்தால், கோபம் வருவதற்கென்று சில நேரங்களும் சில நினைவுகளும் இருப்பது தெரியும். எனக்கு அது மேம்பாலத்தின் கீழே தொடங்கும்; அலுவலகப் பேருந்து அந்த நேரத்தில்தான் மேலே போகும் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

கேள்வி: ‘நீரில்லா ஆறு, மரமில்லா மலை, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில்’ என்று நம் ஊரைச் சொல்வார்கள். மலைநாட்டுக்காரர்களுக்கு இயற்கை நடை சரி. இந்த வெயில் ஊரில் என்ன இருக்கிறது பார்ப்பதற்கு? (ஓய்வுபெற்ற வாசகர், ஆற்காடு)

பதில்: அந்தப் பழமொழியைச் சிரித்துக்கொண்டே சொல்லி வளர்ந்தவர்கள்தான் நாம் எல்லாரும். அதில் ஒன்று 1981-லேயே பொய்யாகிவிட்டது. வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு அந்த ஆண்டு சாமி திரும்பி வந்துவிட்டது. அரசனில்லாக் கோட்டை என்பது உண்மைதான். ஆனால் 1806 ஜூலை 10-ஆம் நாள் சிப்பாய்கள் எழுந்த இடத்தில், அகழி ஓரமாக நடப்பதற்கு அரசன் எதற்கு?

நீரில்லா ஆறு என்பதைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல ஆசை. மேலே தெரியும் மணலைக் கொண்டு பாலாற்றை எடைபோடுகிறோம். சிறுவயதில் நாங்கள் ஆற்றில் ஊற்றுத் தோண்டுவோம். முழங்கை ஆழம் தோண்டியதும் மணல் கறுத்து, ஈரம் கசிந்து, மெல்ல நீர் ஊறும். முதலில் வருவது கலங்கல். அதைக் கொட்டாங்குச்சியால் இறைத்துவிட வேண்டும். மறுபடி ஊறுவதையும் இறைத்துவிட்டு, கையை எடுத்துக்கொண்டு பேசாமல் காத்திருந்தால், அடியில் கிடக்கும் மணல் தெரியும் அளவுக்குத் தெளிந்த நீர் நிற்கும். அவசரப்பட்டு விளிம்பை உடைத்தவன் குடித்ததெல்லாம் சேறுதான். மணற்கேணி என்ற சொல்லைப் பள்ளியில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவன் நான். ஆனால் அதன் பொருள் என் நகக்கண்ணில் மணலாக முன்பே இருந்தது என்பதை நாற்பது வயதுக்குப் பிறகுதான் உணர்ந்தேன்.

2021 நவம்பரில் அதே ஆறு கரை கொள்ளாமல் ஓடியது. பாலத்தில் நின்று பார்த்த கூட்டத்தில் நானும் இருந்தேன். வெள்ளம் வடிந்த பின் இறங்கிப் பார்த்தால், எனக்குப் பழகிய ஒற்றையடிப் பாதையைக் காணோம். மேடாக இருந்த இடம் பள்ளமாகவும், பள்ளம் மேடாகவும் மாறியிருந்தன. தினமும் நடந்தவனுக்குத்தான் அது இழப்பாகவும் வியப்பாகவும் தெரிந்தது. புதிதாக வந்தவர்களுக்கு அது வெறும் மணல். மரமில்லா மலையையும் இப்படியே, கோடையில் ஒரு முறையும் புரட்டாசி மழைக்குப் பின் ஒரு முறையும், ஒரே பாறையின் அருகில் நின்று பாருங்கள். வெயில் பற்றிய உங்கள் கவலை நியாயமானது: சித்திரையிலும் வைகாசியிலும் ஆறு மணிக்குள் இறங்கி, ஏழரைக்குள் வீடு திரும்பிவிடுங்கள், தண்ணீர் இல்லாமல் போகாதீர்கள்.

கேள்வி: காலையில் எனக்கென்று கிடைப்பது இருபது நிமிடம்தான். ஆற்றங்கரைக்குத் தனியாகப் போக வீட்டில் விடமாட்டார்கள், எனக்கும் தயக்கம்தான். மொட்டை மாடியில் நடக்கிறேன். அதுவும் இயற்கை நடையில் சேருமா? (வாசகி, குடியாத்தம்)

பதில்: சேரும், சகோதரி. ஊருக்குள்ளேயே கௌண்டன்ய ஆறு இருந்தும் அதன் கரையில் ஒரு பெண் விடியலில் தனியாக நடக்கத் தயங்க வேண்டியிருப்பது ஊரின் குறை. அதை உங்கள் மனத்தயக்கமாக எண்ணிக்கொண்டு வருந்தாதீர்கள்.

மாடியில் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். நின்று பார்ப்பதற்கு ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு, சூரியன் எந்தத் தென்னைக்கு அல்லது எந்தத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் எழுகிறது என்று வாரம் ஒரு முறை சுண்ணாம்புக் கட்டியால் கைப்பிடிச் சுவரில் கோடு போடுங்கள். தையில் தென்கிழக்கே இருக்கும் கோடு, ஆனிக்குள் வடக்கு நோக்கி வெகுதூரம் நகர்ந்திருக்கும். பிறகு திரும்பத் தொடங்கும். உத்தராயணம், தட்சிணாயனம் என்று நாட்காட்டியில் படிப்பதும், உங்கள் வீட்டுச் சுவரில் நீங்களே போட்ட கோடுகளில் அதைக் காண்பதும் ஒன்றல்ல. பிள்ளைகள் இருந்தால் அவர்களைக் கோடு போட விடாதீர்கள். இது உங்கள் இருபது நிமிடம். வாய்க்கும்போது, அக்கம்பக்கத்துத் தோழி ஒருவரை அழைத்துக்கொண்டு ஆற்றுப்பக்கம் போய்வாருங்கள். போகும்போது பேசுவதில்லை, திரும்பும்போது பேசலாம் என்று இருவரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டால் நடையும் கெடாது, நட்பும் கெடாது.

கேள்வி: ஞாயிறுதோறும் பைக்கில் ஏலகிரி போகிறோம். அங்கே இருக்கும் அமைதி திங்கட்கிழமை காலையிலேயே போய்விடுகிறதே? (கல்லூரி மாணவர், வாணியம்பாடி)

பதில்: தம்பி, ஏலகிரிக்கு ஏறும் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர்களை வைத்திருக்கிறார்கள். அவற்றில் எத்தனை பெயரைப் படித்தீர்கள்? மணிக்கு அறுபது கிலோமீட்டரில் போகிறவருக்குப் பாரியும் தெரியமாட்டார், முல்லையும் தெரியாது. அடுத்த ஞாயிறு மலைமேல் வண்டியை நிறுத்திவிட்டு, கைப்பேசியை அணைத்து, ஒரு மணி நேரம் நடங்கள். முதல் இருபது நிமிடம் சலிப்பாகத்தான் இருக்கும். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறதே, 1986-இல் அங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கி வந்தது. அவ்வளவு பெரிய கருவி இருக்கும் மலையிலும், வெறுங்கண்ணால் வானம் பார்க்க நினைப்பவர் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்ததும் கண் பழக இருபது, முப்பது நிமிடம் காத்திருந்தே ஆகவேண்டும். உங்கள் கேள்வியில் இருக்கும் அமைதி, கண் பழகுவதற்கு முன்பே வீடு திரும்பிவிட்டவருடைய அமைதி.

கேள்வி: பௌர்ணமி கிரிவலத்தில் கூட்டம் நெருக்குகிறது. அதில் கவனத்தோடு நடக்க முடியுமா? (வாசகர், போளூர்)

பதில்: முடியும், ஆனால் கடினம். 14 கிலோமீட்டரையும் நிறைமாதக் கர்ப்பிணி நடப்பதுபோல நடக்க வேண்டும் என்று நம் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். பின்னால் வருகிறவர் இடிக்கும்போது அப்படி நடப்பது எளிதல்ல. போளூரிலிருந்து திருவண்ணாமலை பக்கம்தானே? கூட்டமில்லாத ஒரு நாள் விடியற்காலையில் போய், மலை ஒவ்வொரு லிங்கத்தின் அருகிலும் எந்த வடிவில் தெரிகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். அதன் பிறகு பௌர்ணமிக்குப் போனால், தலைகளுக்கு மேலே எதைத் தேடுவது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கேள்வி: வெறுங்காலில் நடப்பது நல்லது என்கிறார்களே? (வாசகர், ஆம்பூர்)

பதில்: நாட்டுக்கே காலணி தைத்துக் கொடுக்கும் ஊரிலிருந்து இந்தக் கேள்வியா! ஈர மணலில் பத்து நிமிடம் வெறுங்காலில் நடந்து பாருங்கள், நன்றாகத்தான் இருக்கும். கரையேறும் முன் செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். நம் ஆற்றோரம் முழுக்கச் சீமைக்கருவேல முள். போன மாதம் என் குதிகாலில் ஏறிய ஒன்றை ஊக்கால் எடுக்க என் மனைவிக்கு அரை மணி நேரம் பிடித்தது. அந்த அரை மணி நேரம் என் கவனம் வேறெங்கும் போகவில்லை.