கை கொடுப்பதை முதலில் நிறுத்துங்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு 72 வயது. தினமும் காலையில் நண்பர்களோடு ஷட்டில் ஆடுவார். ஆறு மாதத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறிவு இல்லை. ஆனாலும் பயந்துபோய் ஆட்டத்தை நிறுத்திவிட்டோம். சாப்பாடு, தண்ணீர், பேப்பர் எல்லாம் உட்கார்ந்த இடத்துக்கே வருகிறது. நாற்காலியிலிருந்து எழக்கூட நான்தான் கை கொடுக்கிறேன். இவ்வளவு செய்தும், மறுபடி ஆடப் போகிறேன் என்று அடம்பிடிக்கிறார். எப்படிப் புரியவைப்பது?
– ஒரு மகள்

பதில்: சகோதரி, புரிய வேண்டியது உங்களுக்குத்தான். ‘நாற்காலியிலிருந்து எழக்கூட நான்தான் கை கொடுக்கிறேன்’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது.

ஆறு மாதத்துக்கு முன் ஓடிக் குனிந்து பந்தை எடுத்த கால்கள் அவை. இன்று ஒரு நாற்காலியை விட்டு எழ அவற்றால் முடியவில்லை. வயசு இப்படி ஆறே மாதத்தில் ஏறாது. உட்காரவைத்து உட்காரவைத்து நீங்கள் செய்த வேலை இது.

அவர் எழுவதை ஒருமுறை உற்றுப் பாருங்கள். உங்கள் கைக்காகக் காத்திருப்பார். நீங்கள் இழுத்ததும் உடம்பு மேலே வரும், தொடை சும்மா இருக்கும். தொடைச் சதை சும்மா இருந்தால் கரையும். ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2007இல் வந்தது. கால்களில் மட்டும் கிட்டத்தட்ட 1 கிலோ தசை போயிருந்தது. பத்தே நாளில்! உங்கள் அப்பா நாற்காலியில் ஆறு மாதம் இருந்திருக்கிறார்.

விழுந்துவிடுவார் என்றுதானே பயம்? அவர் விழுந்தது குளியலறையில், ஆடுகளத்தில் இல்லை. அங்கே கைப்பிடி பொருத்தினீர்களா, வழுக்காத விரிப்பு போட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆட்டத்தை நிறுத்தியது மட்டும் இருக்கிறது. வலுவில்லாத கால்தான் மறுபடி தடுக்கி விழும்.

போனது திரும்பி வரும். 1990இல் முதியோர் இல்லம் ஒன்றில், 90 வயதை ஒட்டியவர்களுக்கு எட்டு வாரம் தொடைக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். கால் வலு இரண்டு மடங்குக்கும் மேல் கூடியது. இரண்டு பேர் கைத்தடியையே விட்டுவிட்டார்கள். உங்கள் அப்பா அவர்களைவிடப் பதினெட்டு வயது இளையவர்.

முதலில் மருத்துவரிடம் காட்டி ரத்த அழுத்தம், இதயம், மூட்டு, கண் எல்லாம் பார்த்துவிடுங்கள். அவர் சரி என்றதும், கைப்பிடி உள்ள உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பக்கத்தில் நில்லுங்கள், கை மட்டும் நீட்டாதீர்கள். முடியவில்லை என்றால் ஒரு தலையணை போட்டு இருக்கையை உயர்த்துங்கள். முதலில் கைப்பிடியை ஊன்றி எழட்டும். பிறகு கையை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரட்டும். அந்த ஐந்துக்கு 15 விநாடிக்கு மேல் ஆனால் கால் வலு குறைந்திருக்கிறது என்று மருத்துவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்த 15க்குள் அவரைக் கொண்டுவருவது இனி உங்கள் பொறுப்பு.

65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரத்தில் 150 நிமிடமாவது வேக நடை போன்ற உழைப்பு, இரண்டு நாள் தசை வலுப் பயிற்சி, மூன்று நாள் நிலைதடுமாறாமல் நிற்கும் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பதும் பயிற்சிதான். நெஞ்சு வலி, தலைசுற்றல், வழக்கத்தை மீறிய மூச்சுத் திணறல் வந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கால் தேறியதும் ஆடப் போகட்டும். சட்டென்று திரும்பி, பாய்ந்து ஆடுகிற ஆட்டம் என்பதால் எடுத்ததும் போட்டி வேண்டாம். முதல் சில வாரம் நின்ற இடத்தில் தட்டி ஆடினால் போதும். அங்கே அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது, வரவில்லையென்றால் கேட்க நாலு பேர் இருக்கிறார்கள். வீட்டில் அவர் வேளாவேளைக்குத் தண்ணீர் கொடுக்கப்படும் ஆள், அவ்வளவுதான்.

பெற்றவரைப் பார்த்துக்கொள்வது பிள்ளையின் கடமை. அதில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை. ஆனால் நீங்கள் செய்வது உங்கள் பயத்துக்குச் செய்யும் சேவை. அவர் எழத் திணறும் அரை நிமிடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது கஷ்டம், தெரியும். நில்லுங்கள்.

ஷட்டில் மட்டையை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. இன்றைக்கே அதை எடுத்து, அவர் எழுந்து போய்த்தான் எடுக்க முடியும் என்ற தூரத்தில் மாட்டுங்கள்.